கீறலுக்குள் நீலம்

அத்தியாயம் ஒன்பது

கம்பி வாங்குகிற கம்பெனியின் அதிகாரி நாலு மணிக்கு வருவார். அதற்குள் ஒரு மனிதன் குற்றவாளியா இல்லையா என்று சர்வேயர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். இப்போது மணி பன்னிரண்டே கால். சாட்சி அவள் உள்ளங்கையில் இருந்தது. பழைய நாணயம் போல வட்டமாக, மயில் கழுத்து நிறத்தில், ஓர் உலோகப் பொத்தான்.

"எங்கேர்ந்து எடுத்தீங்க அண்ணே?"

"உலை மாஸ்டரோட அலமாரிக்குள்ள. துணியில சுத்தி, பழைய செருப்புக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தான்." அண்ணன் இருமினார். மேசை மேலிருந்த தகர டப்பாவைத் திறந்து, பச்சைக் காகிதம் சுற்றிய மிட்டாய் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். "நாலஞ்சு நாளா தொண்டை சரியில்ல பாப்பா."

நாற்பத்தாறு வயதில் அவளைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் பாக்கி. மற்றவர்களுக்கு அவள் சர்வேயர். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் மூழ்கிய படகுகளையும் இருபது வருடம் முகர்ந்து பார்த்தவள். ஒரு முறை தன் மேலதிகாரியின் கிடங்கு எரிந்தபோது, 'உள்ளேயிருந்து வைத்த தீ' என்று அறிக்கை எழுதி, அவர் வேலையும் போய்த் தன் வேலையும் போனவள். அன்றிலிருந்து தனியாகத் துப்பறிகிறாள். சம்பாத்தியம் சுமார். கையெழுத்துக்கு மட்டும் சந்தையில் நல்ல மரியாதை.

"சார், ஒண்ணு எடுத்துக்கலாமா?" என்று கேட்டபடியே டப்பாவுக்குள் கைவிட்டவர் அவளுடைய உதவியாளர். எடை அளவுத் துறையில் முப்பது வருடம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் தராசு என்பார்கள். ஒரு எடைக்கல்லைத் தூக்கிப் பார்த்தே அதன் வயிற்றில் எத்தனை கிராம் பொய் என்று சொல்லிவிடுவார். அவர் வயிற்றில் எத்தனை கிலோ என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

கை வெளியே வந்தபோது அதில் ஐந்து மிட்டாய்கள் இருந்தன.

"ஒண்ணுன்னு கேட்டீங்க?" என்றார் அண்ணன்.

"எங்க டிபார்ட்மெண்ட்ல ஒண்ணுன்னா அஞ்சு சார். அதுக்குப் பேரு சாம்பிள். அது கெடக்கட்டும், உங்க நாக்கு கிளி மாதிரி பச்சையா இருக்கே, சாயம் ஜாஸ்தியோ?"

"கலர் மிட்டாய்னா அப்படித்தான்." அண்ணன் வாயை மூடிக்கொண்டு பொத்தானைக் காட்டினார். "நீ இதைப் பாரு பாப்பா."

அவள் பார்த்தாள். விஷயம் அவளுக்கு ஏற்கெனவே மனப்பாடம். அண்ணனுடைய உலோகம் உருக்கும் பட்டறையில் செய்வது வனேடியக் கம்பி. நூறு பங்கில் நாலு பங்கு குரோமியம், நாலு பங்கு டைட்டானியம், மிச்சமெல்லாம் வனேடியம். பட்டறையில் அதற்குச் செல்லப்பெயர் 'நாலுநாலு'. கொதிக்கிற திரவ உலோகத்துக்குப் பக்கத்தில் நின்றாலும் தளராது, வளைத்தால் கொண்டை ஊசி மாதிரி வளையும். அப்படிப்பட்ட கம்பி மூன்று நாளைக்கு முன், அதை வாங்குகிற கம்பெனியின் சோதனை அறையில் வளையவில்லை. அழுத்தியதும் டங்கென்று முறிந்து, ஒரு துண்டு பறந்து, சோதனை செய்த எஞ்சினியரின் கன்னத்தைக் கிழித்தது. கண்ணுக்கு ஒரு விரல் கீழே ஏழு தையல்.

"லேப்ல போட்டுப் பாத்தாச்சு. நாலும் நாலும் சரியா இருக்கு. அப்ப என்ன கோளாறு? காத்து! உலையில காத்து கசிஞ்சிருக்கு, வனேடியம் குடிச்சிருக்கு. இந்தப் பொத்தான் அதை அவன்கிட்ட காட்டிக் குடுத்திருக்கு. பாத்துட்டும் உருக்கியிருக்கான். அதுக்கப்புறம் ஒளிச்சும் வச்சிருக்கான். இருபத்தஞ்சு வருஷம் கூட இருந்தவன் பாப்பா. எனக்கே வயிறு எரியுது."

அவளுக்கும் எரிந்தது. அப்பா போனபோது அவளுக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பத்தொன்பது. அவர் மூட்டை தூக்கிய காசில் அவள் படித்தாள். துப்பறிகிற தொழிலுக்கும் அவர்தான் முதல் வாத்தியார். சர்க்கரை டப்பாவில் கை வைத்துவிட்டு இல்லவே இல்லை என்று சாதித்தால், அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். "நாக்கை நீட்டு" என்பார். அவ்வளவுதான். வழக்கு முடிந்துவிடும்.

அப்பேர்ப்பட்டவரை ஒருத்தன் ஏமாற்றுவதா? அவள் உலை அறையின் சாவியை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"நாலு மணி" என்றார் அண்ணன். "நீ யார் பேரை எழுதறியோ, அந்த ஆள் மேல அவங்க போலீஸ்ல புகார் குடுக்கிறாங்க."

*

மாஸ்டர் உலை அறைக்கு வெளியே ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். கை முழுக்கப் பொரிப்பொரியாகப் பழைய சூட்டுக் காயம். தன் சொந்த அறைக்கு வெளியே காவலுக்கு உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார்.

"வா தங்கச்சி. எழுதிட்டியா?"

"இன்னும் இல்ல மாஸ்டர். உள்ள வாங்க, பேசணும்."

குரலை விறைப்பாக வைத்துக்கொண்டு பேசினாள். இவரும் அவளைக் காலேஜ் வயதிலிருந்து பார்த்தவர்தான். ஆனால் ஒரே தராசில் அண்ணனும் இவரும் உட்கார்ந்தால் தட்டு எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு எடைக்கல் தேவையில்லை.

அறை ஆபரேஷன் தியேட்டர் மாதிரி சுத்தமாக இருந்தது. நடுவில் இரும்புத் தொட்டி போல உலை. உள்ளே பார்க்க ஒரு கறுப்புக் கண்ணாடி ஜன்னல். சுவரோரமாகச் சங்கிலி கட்டிய ஆர்கான் வாயு சிலிண்டர்கள். ஆணியில் மூக்குமூடி ஒன்று தொங்கியது. மேசை மேல் முட்டை அடுக்குகிற அட்டைகள். ஒவ்வொரு குழியிலும் வெள்ளிபோல ஒரு பொத்தான். ஒவ்வொன்றிலும் ஊசியால் கீறிய தேதி. ஒரே ஒரு குழி மட்டும் காலி.

"என்ன மாஸ்டர், கோழி இரும்பைத் தின்னுடுச்சா?" என்றார் தராசு.

மாஸ்டர் சிரிக்கவில்லை. ஆனால் தொழிலைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கவும் அவருக்குத் தெரியவில்லை. "காவல் பொத்தான்க. உலையை மூடிக் காத்தை உறிஞ்சிட்டு ஆர்கானை நிரப்புவோம். என்னதான் உறிஞ்சினாலும் மூலையில கொஞ்சம் ஆக்சிஜன் ஒட்டிக்கிட்டிருக்கும். அதனால வனேடியத்தைத் தொடறதுக்கு முன்னால, டைட்டானியம் துண்டு ஒண்ணைத் தனியா உருக்குவேன். மிச்சம் மீதியை அது தின்னுடும். ஆறினப்புறம் பாப்பேன். வெள்ளையா இருந்தா உலை சுத்தம். நீலமாச்சுன்னா எங்கேயோ ஓட்டை. அன்னிக்கு வேலை கிடையாது."

"எதுக்கு இவ்வளவு பயம்?"

"வனேடியம் தனியா இருந்தா ரொம்பச் சாது சார். வளைச்ச பக்கம் வளையும். ஆனா சூட்டுல தளர்ந்துடும். அதோட காத்தைக் கண்டா குடிச்சிடும். குடிச்சா கண்ணாடி மாதிரி ஆயிடும். குரோமியம் நாலு போட்டா முதுகெலும்பு வரும், சூட்டுல நிக்கும். டைட்டானியம் நாலு போட்டா, உள்ள ஒளிஞ்சிருக்கிற ஆக்சிஜனைப் புடிச்சு ஒரு மூலையில உக்கார வச்சிடும்."

"அப்ப எட்டெட்டாப் போட்டா இன்னும் பலம்தானே? பேரும் கம்பீரமா இருக்கே."

"பலம் ஏறும். வளைவு போயிடும். ரெண்டும் சேர்ந்து பத்தைத் தாண்டிச்சுன்னா கம்பி முறைச்சுக்கிட்டு நிக்கும். ஒரு தட்டு தட்டினா ரெண்டாப் போகும்."

"புரியுது. மாமியார் வந்தா வீட்டுக்குப் பலம், மச்சினி வந்தா வீட்டுக்கு அழகு. ரெண்டு பேரும் பெட்டி படுக்கையோட தங்கிட்டா, வீடு ரெண்டு."

சர்வேயருக்குப் பொறுமை போயிற்று. நீலப் பொத்தானை மேசை மேல் வைத்தாள். "மாஸ்டர், இது உங்க அலமாரியில இருந்துது. அந்தக் கம்பி உருக்கின தேதி இதுல இருக்கு. கீறினது நீங்கதானே?"

மாஸ்டர் குனிந்து பார்த்தார். "என் கீறல்தான்."

"நீலமா இருக்கு."

"இருக்கு. ஆனா நான் குழியில வைக்கும்போது வெள்ளையாத்தான் இருந்துது தங்கச்சி."

"வெள்ளையா வச்சது தானா நீலமாயிடுச்சா?"

அவர் அட்டையில் காலியாக இருந்த குழியை விரலால் தடவினார். அவருக்குச் சொல்லத் தெரியவில்லையா, விருப்பமில்லையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

தராசு இரண்டாவது மிட்டாயைப் பிரித்தபடி பொத்தான்களின் மேல் ஓடினார். "எல்லாத்துலயும் முத்திரை குத்தின மாதிரி தேதி. நம்ம டிபார்ட்மெண்ட் ஞாபகம் வருது மேடம். எடைக்கல்லுல கோல்மால் பண்றவன் என்ன செய்வான்? நாங்க முத்திரை குத்திட்டுப் போனதும் அடியில சுரண்டி ஈயத்தை எடுத்துட்டு, தெரியாம இருக்க மேல பெயிண்ட் அடிப்பான். கடைக்குள்ள நுழைஞ்சதும் நாங்க கேக்கிற முதல் கேள்வியே அதான். பெயிண்டுக்கு மேல முத்திரையா, முத்திரைக்கு மேல பெயிண்டான்னு."

சர்வேயர் நிமிர்ந்தாள். "இன்னொரு தடவ சொல்லுங்க."

"எதை? மாமியாரையா?"

அவள் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்திருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் நீலப் பொத்தானைப் பிடித்தாள். "மாஸ்டர், நிஜமாவே உலை கசிஞ்ச நாள் பொத்தான் ஏதாவது இருக்கா?"

அவர் சுவரைக் காட்டினார். ஆணியில் மெல்லிய கம்பி கட்டி ஒன்று தொங்கியது. மங்கிய நீலம். "நாலு வருஷத்துக்கு முன்னாடி. என் தப்பு, ரப்பர் வளையத்தை மாத்த மறந்துட்டேன். அன்னிக்கு உலையை நிறுத்தினேன். மறக்கக் கூடாதுன்னு கண்ணுல படற மாதிரி மாட்டி வச்சிருக்கேன்."

அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஆணியில் தொங்கிய பொத்தானில் நீலத்துக்கு நடுவே தேதி வெள்ளைக் கோடுகளாகப் பளிச்சென்று இருந்தது. உலையில் நீலமானது, ஆறிய பிறகு ஊசி அந்த நீலத்தைக் கீறிக்கொண்டு அடியிலிருந்த வெள்ளையைத் தொட்டிருக்கிறது. நியாயம்.

அலமாரிப் பொத்தானில் மேற்பரப்பும் நீலம். கீறலின் பள்ளமும் நீலம். தேதியின் ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் நீலம்.

"கீறினப்புறம் நீலமாயிருக்கு" என்றாள். "உருகும்போது கீறல் இருக்க முடியாது. உருகி, ஆறி, வெள்ளையா வெளிய வந்து, நீங்க கீறி, குழியில வச்சு, அதுக்கும் அப்புறம் யாரோ எடுத்து நெருப்புல காட்டியிருக்காங்க."

"முத்திரைக்கு மேல பெயிண்ட்" என்றார் தராசு.

இருபது வருடப் பழக்கத்தில் இந்த இடத்தில் அவளுக்குள் ஒரு சின்னத் துள்ளல் வரும். வந்தது. உடனே போயிற்று. மாஸ்டர் குற்றவாளி இல்லையென்றால், மாஸ்டரைக் குற்றவாளியாக்க யாரோ பொத்தானைச் சுட்டிருக்கிறார்கள். பாவம் அண்ணன். எவனோ அவரையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறான்.

"இந்த அறைக்கு சாவி எத்தனை?"

"ரெண்டு. என்கிட்ட ஒண்ணு."

"இன்னொண்ணு?"

"ஆபீஸ்ல."

"ஆபீஸுக்கு யார் வேணும்னாலும் வரலாம்" என்றாள் வேகமாக. "கூட்டறவங்க, பேக்கிங் ஆளு, பில் குடுக்க வர்றவன். அண்ணன் எதையும் பூட்டி வைக்கிற ஆளே இல்ல."

தராசு மூன்றாவது மிட்டாயைப் பிரித்து, வாயில் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

*

"பொத்தான் பொய்யின்னா, உலை சுத்தம்" என்றாள். "உலை சுத்தம்னா கம்பி ஏன் முறிஞ்சுது?"

மாஸ்டர் மேசை இழுப்பறையைத் திறந்தார். விரல் நீளத்தில் மூன்று துண்டுகள், அனுப்பிய மூன்று கம்பிக்கும் ஒவ்வொன்று. "கம்பி இந்த அறையை விட்டுப் போறதுக்கு முன்னால வாலை வெட்டி வச்சுக்குவேன். இது முறிஞ்ச கம்பியோட வாலு. நம்பர் பாரு."

பட்டறைப் பிடிப்பானில் அதை இறுக்கி, ஒரு குழாயை மாட்டி அழுத்தினார். துண்டு ஒரு சத்தமும் இல்லாமல் வளைந்தது. கொண்டை ஊசி. ஒரு வெடிப்பு இல்லை, ஒரு கோடு இல்லை.

"ஒரே கம்பி" என்றார் தராசு. "வாலு வணங்குது, தலை முறியுது. அரசியல்வாதிக்கு நேர்மாறு."

"இந்த அறையை விட்டுப் போகும்போது நல்லாத்தான் போச்சு" என்றார் மாஸ்டர்.

"போய் எங்க இருந்துது?"

"ரெண்டு நாள் ஆபீஸ் பீரோவுல. அப்புறம் அவங்க வந்து எடுத்துக்கிட்டுப் போனாங்க."

"அந்த ரெண்டு நாள்ல ஒரு நல்ல கம்பியைக் கெடுக்க என்ன செய்யணும் மாஸ்டர்?"

"சுடணும். காத்துல, சிவக்கச் சிவக்க. பின்பக்கம் பழைய காயவைக்கிற அடுப்பு ஒண்ணு இருக்கு, அது போதும். டைட்டானியம் நாலு பங்கு எவ்வளவைத்தான் தாங்கும்? அதுக்கு மேல போறதெல்லாம் நேரா வனேடியத்துக்குள்ள எறங்கிடும். எடையும் மாறாத மாதிரிதான் இருக்கும், லேப்ல குரோமியம் டைட்டானியம் பாத்தாலும் நாலு நாலுன்னுதான் வரும்."

"வெளிய அடையாளம் தெரியாதா?"

"தெரியும். வனேடியத் துரு இரும்புத் துரு மாதிரி இல்ல. ஆரஞ்சா வரும், அந்தச் சூட்டுலயே உருகி வடியும். அதைத் தேய்ச்சு எடுத்தாத்தான் கம்பி பழைய மாதிரி பளபளன்னு இருக்கும். மூக்குமூடி இல்லாம தேய்ச்சா இருமல் வரும். நாக்கு..."

அவர் நிறுத்தினார். ஒரு வார்த்தை வாசல் வரை வந்து, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது மாதிரி இருந்தது.

"நாக்கு?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி."

"மாஸ்டர்."

"ஒண்ணுமில்லன்னேன்ல. உன் அண்ணன் என்னை அனுப்பணும்னு முடிவு பண்ணிட்டான். நீ எழுதிடு. நான் போறேன்."

"நாக்கை நீட்டுங்க" என்றாள்.

ஐம்பத்தெட்டு வயது மனிதர், டாக்டர் முன்னால் நிற்பவர் போல நீட்டினார். சிவப்பாக இருந்தது.

சொறசொறவென்று காகிதம் பிரிகிற சத்தம். தராசு ஐந்தாவது மிட்டாயை மேசை மேல் வைத்தார். வாயில் போடவில்லை. பச்சைக் காகிதம் விரிந்து கிடந்தது. நடுவில் மிட்டாய் பச்சரிசி போல வெள்ளையாக இருந்தது.

"நாலு தின்னுட்டேன் மேடம்" என்றார். குரலில் கேலி இல்லை. "காகிதம்தான் பச்சை." தன் நாக்கை நீட்டிக் காட்டினார். பிறந்த குழந்தையின் நாக்கு மாதிரி ரோஜா நிறம்.

அறையில் எங்கேயோ ஆர்கான் சிலிண்டரின் வால்வு மெல்ல மூச்சு விட்டது.

"பச்சையாகுமா மாஸ்டர்?" என்று கேட்டாள். அது கேள்வியே இல்லை.

"நாங்க பட்டறை ஆரம்பிச்ச புதுசுல மூடி கீடி எதுவும் தெரியாது" என்றார் மாஸ்டர் தரையைப் பார்த்தபடி. "ரெண்டு பேரும் தேய்ப்போம். ரெண்டு பேரு நாக்கும் பச்சையாயிடும். ஒருத்தனை ஒருத்தன் பாத்துச் சிரிப்போம். அவன் இந்த அறைக்குள்ள வந்தே ரெண்டு வருஷமாச்சு தங்கச்சி. இன்னிக்குக் காலையில என்னைத் திட்டும்போது பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"யார்கிட்ட? உன்கிட்டயா?" அவர் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "மேசை மேல மிட்டாய் டப்பா இருந்துது. மிட்டாய்தான்னு நெனச்சுக்கிட்டேன். விடாம அப்படியே நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

*

மூன்றரை மணிக்கு அவள் ஆபீஸ் கதவைத் தட்டாமல் திறந்தாள். அண்ணன் அறிக்கைக்கென்று வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து நேராக வைத்திருந்தார்.

அவள் வெள்ளை மிட்டாயை அந்தத் தாளின் நடுவில் வைத்தாள்.

"அண்ணே, நாக்கை நீட்டுங்க."

அவர் சிரித்தார். "என்ன பாப்பா விளையாட்டு?"

"நீங்க சொல்லிக் குடுத்த விளையாட்டுதான்."

சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே தங்கியிருந்தது, விருந்தாளி போன பிறகும் திண்டாடி நிற்கிற நாற்காலி மாதிரி. அவர் மிட்டாயைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். கதவை மூடச் சொல்லிக் கை காட்டினார்.

"பெரிய கம்பெனி ஒண்ணு பட்டறையை அப்படியே வாங்கிக்கிறேங்குது" என்றார். "பேச்சு முடிஞ்சாச்சு. வர்ற பணத்துல பாதி மாஸ்டருக்குப் போகும்."

"நீங்க குடுத்த வாக்கு அது. கை குலுக்கும்போது நான் பக்கத்துல நின்னேன்."

"அன்னிக்கு என்ன இருந்துது? ஒரு தகரக் கொட்டகை, ரெண்டு பேரு பசி. ஒண்ணுமில்லாததுல பாதி குடுக்கிறது ரொம்ப சுலபம் பாப்பா."

"துரோகம் பண்றவனுக்குப் பங்கு கிடையாதுன்னு ஒரு நிபந்தனை போட்டீங்க. அதுவும் ஞாபகம் இருக்கு."

"அதைத்தான் பயன்படுத்தினேன்" என்றார், விலை படிந்துவிட்ட வியாபாரி போலச் சாதாரணமாக.

"அந்த எஞ்சினியருக்கு ஏழு தையல்."

இங்கே மட்டும் அவர் குரல் இறங்கியது. "முறியும்னு தெரியும். பறக்கும்னு தெரியாது. சத்தியமா."

தராசு மிட்டாய் டப்பாவின் மூடியைச் சாத்தினார்.

"ஏண்ணே என்னைக் கூப்பிட்டீங்க?" அவள் கேட்க நினைத்த கேள்வி இது ஒன்றுதான். "பொய் சொல்ல எத்தனையோ பேர் கிடைப்பாங்களே."

"பொய் சொல்றவன் கையெழுத்தை யார் நம்புவாங்க? உன் கையெழுத்துன்னா அந்த அதிகாரி ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டார்."

"நான் கண்டுபிடிச்சிடுவேன்னு பயமே இல்லையா?"

அண்ணன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அதுதான் அவளை அதிகம் வலித்தது.

"இல்ல" என்றார். "நீ எல்லாரையும் உத்துப் பாப்பே. என்னை மட்டும் பாக்கவே மாட்டே. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

வெளியே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நாலடிக்கப் பத்து நிமிடம். நேரத்துக்கு முன்னால் வருகிற அதிகாரி.

"பாப்பா." இப்போது அவர் குரல் வேறாக இருந்தது. "ஒரே ஒரு வரி. யார்னு தெரியலன்னு எழுது. அவன் பேரும் வேண்டாம், என் பேரும் வேண்டாம். உன்னைப் படிக்க வச்ச கை இது."

"தெரியும்ணே. பேனாவைப் புடிக்கக் கத்துக் குடுத்ததும் இந்தக் கைதான்."

அவள் மிட்டாயை ஓரமாக நகர்த்திவிட்டு, நின்றபடியே எழுதினாள். நாலு வரி. பொத்தானில் கீறல் முதலில், நீலம் பிறகு. கம்பி உலை அறையை விட்டு நல்லபடியாகப் போயிற்று. ஆபீஸில் இருந்த இரண்டு நாளில் சுடப்பட்டது. சுட்டவர் பட்டறை உரிமையாளர். கீழே கையெழுத்து. ஓர் எழுத்துகூடக் கோணவில்லை என்று பின்னால் தராசு யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்வார். அவர் அவள் கையைத்தான் பார்த்தார். முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

*

அதிகாரி அறிக்கையை இரண்டு முறை படித்தார். இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. பின்பக்கத்து அடுப்பை மட்டும் பார்க்க வேண்டுமென்றார். அடுப்பின் செங்கல் தளத்தில், உருகி வடிந்து இறுகிய ஆரஞ்சு நிறக் கோடுகள் இருந்தன. அண்ணன் எதையும் மறுக்கவில்லை. அதிகாரி போன் செய்யத் தள்ளிப் போனார்.

உலை அறையில் மாஸ்டர் உப்புத்தாள் ஒன்றை மேசை மேல் விரித்து, நீலப் பொத்தானைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி அதைப் படம் எடுத்தாகிவிட்டது. திருப்பிக் கொடுங்கள் என்று மாஸ்டர் கேட்டு வாங்கியிருந்தார். நாலு தேய்ப்பில் நீலம் போய் அடியிலிருந்து வெள்ளி எட்டிப் பார்த்தது.

"தோல்ல மட்டும்தான்" என்றார். "உள்ள நல்ல பொத்தான்." அட்டையில் காலியாக இருந்த குழியில் அதை வைத்தார். ஜெயித்த மனிதரின் முகம் இல்லை அது. ஒரே நாளில் வேலையும் மானமும் திரும்பக் கிடைத்து, நண்பன் மட்டும் கிடைக்காமல் போனவரின் முகம்.

"பாக்கி ரெண்டு கம்பியும் சுட்டதுதானே மாஸ்டர்?" என்று கேட்டாள். "அதையும் இப்படித் தேய்ச்சுச் சரி பண்ண முடியாதா?"

"அது முடியாது தங்கச்சி. அது நடு வரைக்கும் போயிடுச்சு."

அவள் தலையாட்டினாள். கம்பியைப் பற்றித்தான் கேட்டதாக மூன்று பேரும் வைத்துக்கொண்டார்கள்.

தராசு அவளுடைய பையைத் தானே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "வாங்க மேடம். ஒரு காபி. நான்தான் காசு குடுப்பேன். இப்படி ஒரு சம்பவம் சரித்திரத்துல நடந்ததில்ல, வந்து சாட்சிக் கையெழுத்துப் போடுங்க."

அவள் சிரிக்க முயன்றாள். முக்கால்வாசி வந்தது.

முற்றத்தைக் கடக்கும்போது ஆபீஸ் வாசலிலிருந்து குரல் கேட்டது.

"பாப்பா."

திரும்பாமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். கால் நின்றுவிட்டது. முப்பத்தேழு வருடப் பழக்கம் காலுக்கு. அதற்கு அறிக்கை எழுதத் தெரியாது.

திரும்பினாள். எரிந்த கடையைப் பார்ப்பதுபோல, மூழ்கிய படகைப் பார்ப்பதுபோல, மேலிருந்து கீழாக, அவசரமில்லாமல், அவரைப் பார்த்தாள். நரைத்த தலை. பித்தான் மாற்றிப் போட்ட சட்டை. கதவு நிலையைப் பிடித்திருந்த இடது கை. அதில் அவள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த கடிகாரம், தோல் பட்டை.

பட்டையின் ஓட்டைகள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஆரஞ்சு நிறத்தில் தூசி அடைந்திருந்தது.

காலையிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கும்.